பலகையை அவித்த கண்மணி

பழைய இரும்பு வாங்குகிற வியாபாரி வந்து, கலத்தின் மேல் நீலப் பெயிண்டால் கோடு கிழித்துவிட்டுப் போயிருந்தார். எங்கெங்கே வெட்டினால் துண்டுகளை லோரியில் ஏற்றலாம் என்பதற்கான கோடுகள் அவை. ஒரு பேருந்தின் நீளத்துக்குக் கிடந்த அந்த இரும்புக் கலத்தில்தான், கண்மணி தன் வயதில் ஏறக்குறைய பாதியைச் செம்பனைக் குலைகளை அவித்துக் கழித்திருந்தாள்.

“ஆட்டுக்குக் கூறு போட்ட மாதிரி போட்டுட்டுப் போயிருக்கான்,” என்றாள் கணவனிடம்.

“மாசக் கடைசியில வந்து வெட்டிருவான். வேணும்னா ஒரு மாலை வாங்கிப் போட்டுட்டு வா,” என்றான் வாசு. அவன் லோரிக்காரன். மனைவிக்கு ஆறுதல் சொல்லவேண்டிய இடங்களில் எல்லாம் அவனுக்குக் கேலிதான் வரும்.

“போடறேன். உன் லோரிக்கும் சேத்து.”

புக்கிட் ரோத்தானுக்கு அருகே இருந்த அந்தச் செம்பனை ஆலை மூடிக்கிடந்தது. சுற்றியிருந்த தோட்டம் வீட்டுமனைகளாகிவிட்டதால் அவிப்பதற்குக் குலையில்லை. ஆலையின் சொத்துகளைப் பார்த்துக்கொண்ட மகாதேவா, பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். கலத்தையும் பாய்லரையும் மட்டும் மாதக் கடைசிவரை விட்டுவைத்திருந்தார். அந்த இடத்தில் ஒரு சோதனை நடந்துகொண்டிருந்ததே காரணம். சோதனை வென்றால் கலத்தை வாடகைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். தோற்றால் அது இரும்பு.

கண்மணிக்குக் கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பாய்லர் வேலை காத்திருந்தது. நல்ல வேலைதான். ஆனால் அங்கே எல்லாம் கணினித் திரை. நீராவியைத் திறப்பதும் மூடுவதும் ஒரு பொத்தான். “அங்க நான் எதுக்கு? ஒரு பூனையை உக்கார வச்சாலும் பொத்தானை அமுக்குமே லா,” என்று அவள் சொல்லித் திரிந்தாள். அவளுக்கு வேண்டியது கையால் திருகும் வால்வு, காதால் கேட்கும் நீராவி.

அவள் அந்த ஆலைக்குப் பத்தொன்பது வயதில் வந்தவள். முதலில் லோரிகள் கொட்டும் குலைகளைப் பழுத்தது, பழுக்காதது என்று பிரிக்கும் வேலை. பிறகு கலத்துக்குள் கூண்டுகளைத் தள்ளும் வேலை. அங்கிருந்து பாய்லர் அறைக்கு அவளாகவே போய் நின்றாள், யாரும் கூப்பிடவில்லை. பாய்லர் ஓட்டுவதற்கான சான்றிதழ்த் தேர்வில் முதல் முறை தோற்று, இரண்டாம் முறை வாய்மொழித் தேர்வுக்குப் போனபோது அதிகாரி கேட்டாராம், பெண்ணுக்கு எதற்கு இந்த வேலை என்று. “நான் பொம்பளைன்னு பாய்லருக்குத் தெரியாதுங்க, துவான்,” என்று மலாயில் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அதற்கும் சரியாகவே பதில் சொன்னாள்.

ஒரு வேலையை நன்றாகச் செய்கிறவர்கள் எல்லாருக்கும் அந்த வேலை பிடித்திருக்கும் என்று சொல்ல முடியாது. பிடித்தவர்கள் எல்லாரும் நன்றாகச் செய்வார்கள் என்றும் சொல்ல முடியாது. கண்மணிக்கு இரண்டும் ஒன்றாக அமைந்திருந்தன. அதற்கு மேல் அவளைப் புகழ்வதற்கு இப்போது அவசரமில்லை. ஏனென்றால் இந்தக் கதையில் பெரிய தப்பைச் செய்தவளும் அவள்தான்.

சோதனையைக் கொண்டுவந்தவள் குமுதினி. வேதியியல் படித்தவள், கண்மணியைவிட எட்டொன்பது வயது இளையவள். அவளுடைய பாட்டனார் ஒரு காலத்தில் இதே வட்டாரத் தோட்டமொன்றில் ஆள் கணக்கெழுதும் கிராணியாக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நாளே அது கண்மணிக்குத் தெரிந்துபோயிற்று.

“அப்போ உங்க தாத்தா பேர் கூப்பிடுவாரு, எங்க தாத்தா ‘இருக்கேன் ஐயா’ம்பாரு. இப்பவும் நீங்க பேப்பர், நான் பானை. ஒண்ணும் மாறலை மிஸ்.”

“மிஸ் எண்டு சொல்லாதீங்க அக்கா. என்ட பேப்பரை வச்சு ஒரு கோப்பைத் தண்ணி கூடக் கொதிக்க வைக்க ஏலாது. பானை உங்களிட்டத்தானே இருக்கு?”

அந்தப் பதில் கண்மணிக்குப் பிடித்திருந்தது. இருந்தாலும் மிஸ் என்பதை அவள் விடவில்லை.

குமுதினி தன் காரின் பின்பக்கத்திலிருந்து எடுத்துக் காட்டியது ஓர் அலமாரிக் கதவு. வெள்ளத்தில் நனைந்து, ஓரங்கள் ஊறி உப்பிக் கிடந்தது. மரத்தூளையும் பசையையும் கலந்து சூடாக அழுத்திச் செய்கிற சிப்போர்டு பலகை. நம் வீடுகளில் கட்டில், அலமாரி, தொலைக்காட்சி மேசை எல்லாம் இப்போது இதுதான். ஒரு வெள்ளம் வந்தால் ஒரு தாமான் குடியிருப்பே தன் சாமான்களை வாசலில் கொட்டும். எரித்தால் பசையின் புகை கண்ணையும் நெஞ்சையும் பிடிக்கும். புதைத்தால் இடம் போதாது.

“இந்தப் பசை என்னெண்டு தெரியுமா அக்கா? யூரியாவும் ஃபார்மலினும்.”

“யூரியாவா? செம்பனைக்குப் போடுவோமே, அந்த யூரியாவா?”

“அதேதான். இது ஒரு விசித்திரமான பசை. செய்யிறபோது தண்ணி வெளியில போய் இறுகும். திரும்பச் சூடும் தண்ணியும் கொஞ்சம் புளிப்பும் குடுத்தா, போன தண்ணி உள்ள வந்து கட்டை அவிழ்த்துவிடும். பசை கரைஞ்சுடும். மரம் அப்படியே மிஞ்சும். அந்த மரத்தைத் திரும்பவும் பலகையாக்கலாம். ஆய்வுக்கூடத்தில பால் டின் அளவு பாத்திரத்தில செய்து பாத்திட்டன்.”

“பால் டின்னு!” கண்மணி கலத்தைத் திரும்பிப் பார்த்தாள். “எங்கிட்ட கேளுங்க. ஒரு வீட்டையே உள்ள வச்சு அவிக்கலாம்.”

புளிப்புக்குக் குமுதினி தேர்ந்தெடுத்தது, ரப்பர் தோட்டக்காரர்கள் பால் உறைவதற்கு ஊற்றுகிற அதே ஆசிட். பட்டணத்துக் கடையில் சுலபமாகக் கிடைத்தது. பலகைகளை உடைத்து, அந்த ஆசிட் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, கூண்டுகளில் ஏற்றிக் கலத்துக்குள் தள்ளினார்கள். முதல் முறை குமுதினியின் குறிப்புப்படி நீராவியை ஒரே அளவில் நிறுத்தி வைத்தார்கள். கதவைத் திறந்தால் பலகைகளின் வெளிப்பக்கம் நைந்திருந்தது, உள்ளே கட்டையாகவே இருந்தது.

“குலை அவிக்கிற மாதிரி அவிக்கலாமா?” என்றாள் கண்மணி. “ஒரே தம்மா ஆவி விட்டா நடுவுல இருக்கிற காத்து வெளிய போகாது மிஸ். அது போகாம ஆவி உள்ள போகாது. நாங்க ஏத்துவோம், திடீர்னு தொறந்து விடுவோம். மறுபடி ஏத்துவோம், தொறந்து விடுவோம். மூணாவது தடவைதான் ஏத்தி நிறுத்துவோம்.”

குமுதினி தாளில் ஏதோ வரைந்து பார்த்தாள். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்தாள். “செய்யுங்க அக்கா!”

அன்று மூன்றாம் தடவை நீராவியை விட்டு, கலத்தின் கதவைத் திறந்து, கூண்டை இழுத்தார்கள். கூண்டுக்குள் பலகை என்று ஒன்றும் இல்லை. பழுப்பும் மஞ்சளுமாக, உதிரி உதிரியாக, ஆவி பறக்கிற மரத்துகள் மட்டும் குவிந்திருந்தது. கண்மணி ஒரு பிடி அள்ளி, சூடு பொறுக்காமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள்.

“பிட்டு!” என்று கத்தினாள் குமுதினி. “அக்கா, இது பிட்டு!”

“தேங்காப்பூ மட்டும்தான் குறைச்சல்!”

இந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாத வாசுவும் ஓடிவந்து, கையை விட்டுக் கிளறிப் பார்த்து, “அலாமாக்! இவ்ளோ நாளா நாம பிட்டு மேலதான் படுத்துத் தூங்கினோமா?” என்றான்.

பலகை என்று நாம் சொல்வது மரத்தையா, பசையையா? மரத்துகள் பலகையல்ல, பசையும் பலகையல்ல. ஒன்றை ஒன்று பிடித்திருக்கும்வரைதான் அந்தப் பெயர். பிடி விட்டதும் பெயர் போய்விடுகிறது. மரம் போவதில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று. ஆவி பறக்கக் கையில் அள்ளிப் பார்ப்பது வேறு. அந்த நாளிலிருந்து கண்மணி கிள்ளானைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

துகளை நல்ல தண்ணீரில் அலசி, ஆலையின் பழைய சிமெண்டுத் தளத்தில் பரப்பிக் காயவைத்தார்கள். அலசிய தண்ணீர் பழைய குட்டையில் நின்றது. அதில் கரைந்திருந்த பசையை என்ன செய்வது என்பதற்குக் குமுதினியிடம் இன்னும் முழு விடையில்லை. அவள் அதை மறைக்கவும் இல்லை.

காயும் துகளில் ஒரு நெடி இருந்தது. குளியலறையையும் கோழிப்பண்ணையையும் ஒன்றாகச் சேர்த்தது போன்ற நெடி. கண்மணிக்கு அது பொறுக்கவில்லை. பக்கத்துக் கம்பத்துக் கிராமத்தவர்கள் வந்து ஏதாவது சொல்லிவிட்டால் என்ன ஆவது? துகளை ஒதுக்கி, மறுபடி பரப்புவதற்கு முன்னால் தளத்தைச் சுத்தமாகக் கழுவினாள். மாட்டுக்கொட்டகைக்கும் சாக்கடைக்கும் தோட்டத்தில் எல்லாரும் செய்வதுபோல, கழுவிய தரையில் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளித்தாள். ஆனால் நெடி குறையாமல் கூடியது. அதனால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு தெளித்தாள்.

காய்ந்த துகளை மூட்டைகளாகக் கட்டிப் புக்கிட் பெருந்துங்கில் இருந்த ஒரு பலகைத் தொழிற்சாலைக்கு எடுத்துப்போனார்கள். அங்கே தரம் பார்க்கும் பொறுப்பு ஹஃபிஸ் என்ற மலாய்க்காரருடையது. குரலை உயர்த்தாத மனிதர். துகளோடு புதிய பசையைக் கலந்து, சூடான அச்சில் வைத்து அழுத்தினார். அச்சு திறந்தது. பார்வைக்குப் பலகை அழகாகவே இருந்தது. கண்மணி வாசுவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹஃபிஸ் அதை எடுத்து ஒரு மூலையில் பெருவிரலால் அழுத்தினார். ரொட்டித்துண்டு உடைவதுபோல உடைந்தது. இன்னொரு மூலையும் உடைந்தது. எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை.

“பசை இறுகவே இல்லை,” என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். “இன்னொரு முறை கொண்டுவாருங்கள். மாதக் கடைசிக்குள் முடியுமானால்.”

ஆலைக்கு வந்து இறங்கியதும் குமுதினிதான் ஆரம்பித்தாள்.

“அக்கா, கோவிக்காதீங்க. அந்த மூண்டு தரம் ஏத்தி இறக்கிறது... திடீரெண்டு ஆவியை விடேக்க மர இழை நொறுங்கிப்போகுதோ தெரியேல்லை.”

கண்மணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். “அப்போ என் வேலையிலதான் கோளாறுங்கறீங்க?”

“கோளாறு எண்டு சொல்லேல்லை...”

“சொல்லிட்டீங்க. ஹஃபிஸ் என்ன சொன்னாரு? மரம் நொறுங்கிப் போச்சுன்னாரா? பசை இறுகலைன்னாரு. பசை நீங்க. ஆவி நான்.”

“ரெண்டு பேரும் கத்துங்க, கத்துங்க,” என்றான் வாசு. “அவிக்கிறதுக்குப் பலகைதான் இல்லை.”

அது உண்மை. சேர்த்துவைத்திருந்த, வெள்ளத்தில் நனைந்த பலகை எல்லாம் முதல் சோதனைக்கே போய்விட்டது. வேறு தொழிற்சாலைகளில் கேட்டு, சரிபார்த்து, அனுமதி வாங்கிக் கொண்டுவர நாள் போதாது. கலத்தை மறுபடியும் ஒரு தடவை நிரப்பப் பலகை வேண்டும். எங்கே போவது?

யோசனை வாசுவுக்குத்தான் வந்தது. சொல்லிவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். சுங்கை ஆயர் தாவார் பக்கம் ஒரு கோயில். அதன் பின்புறத்து அரசமரத்தடியில், வீட்டில் சாமிபடம் வைக்கிற, கதவுபோட்ட பழைய சாமிமேடைகள் குவிந்து கிடந்தன. புது வீட்டுக்குப் போகிறவர்கள் புதுச் சாமிமேடை வாங்குவார்கள். பழையதைக் குப்பைத்தொட்டியில் போட மனம் வராது. உடைக்கவும் கை வராது. மரத்தடியில் கொண்டுபோய் வைத்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். குவியல் ஏறிக்கொண்டே போகும். எல்லாமே சிப்போர்டு.

“நான் சும்மா சொன்னேன் லா,” என்றான் வாசு. “சாமி பொருளை அவிக்கிறதாவது!”

கண்மணி அதற்குள் லோரியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

கோயிலைப் பார்த்துக்கொண்ட தாயம்மாவிடம் கேட்டாள். அறுபதைத் தாண்டியவர், கையில் விளக்குமாறு.

“எடுத்துக்கட்டுமா பெரியம்மா? படம், விக்கிரகம் எதையும் தொடமாட்டேன். சூடம் ஏத்திக் கும்பிட்டுட்டுத்தான் எடுப்பேன்.”

“எடுத்துட்டுப் போ ஆயா! நீ நல்லாயிருப்ப! போன வாரம் அதுக்குள்ள இருந்து ரெண்டு பாம்பு. சாமிதான் கிளம்பிப் போயாச்சே, பாம்புக்கு எதுக்கு மேடை? நல்லா இருக்கிறதா ஒண்ணு மட்டும் விட்டுட்டுப் போ. நான் துடைப்பம், சாம்பிராணி எல்லாம் வச்சுக்கறேன்.”

வாசு மட்டும் சமாதானமாகவில்லை. சாமிமேடைகளை ஏற்றுவதற்கு முன்னால் லோரியின் தட்டைக் கழுவினான். செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் போட்டுவிட்டு, புக்கிட் ரோத்தான் வரைக்கும் வெறுங்காலால் மிதித்தே ஓட்டினான். “பின்னாடி யார் வர்றாங்கன்னு தெரியுமா?” என்று வழியெல்லாம் முணுமுணுத்தான். “பலகை வருது,” என்றாள் கண்மணி. சொன்னாளே தவிர, அவளும் செருப்பைக் கழற்றியிருந்தாள்.

சாமிமேடைகளை ஆலையில் இறக்கினார்கள். பாதியைக் கூண்டுகளின் மேல் அடுக்கினார்கள். மீதிக்கு இடமில்லாமல் காயவைக்கும் தளத்தில் குப்புறப் போட்டார்கள். மாலையில் லேசாகத் தூறியது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. எப்படியும் நனையப்போகிற பலகைதானே.

காலையில் வாசுவின் அலறல் கேட்டு இருவரும் ஓடினார்கள். அவன் ஒரு சாமிமேடைக் கதவைத் திருப்பிப் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றிருந்தான்.

“சாமி குத்தம்! நான் சொன்னேனா இல்லையா? பாரு, பாரு! பொட்டெல்லாம் ரத்தமாயிருச்சு!”

கதவில் யாரோ வெள்ளிக்கிழமைதோறும் இட்டுக் காய்ந்துபோயிருந்த மஞ்சள் பொட்டுகள். நேற்று மஞ்சளாக இருந்தவை. இப்போது செக்கச்செவேல் என்று வழிந்திருந்தன.

கண்மணியின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. குனிந்தாள். விரலால் தொட்டாள். பக்கத்துக் கதவைத் திருப்பினாள், அதுவும் சிவப்பு. நிமிர்ந்து கூண்டின் மேல் அடுக்கியிருந்தவற்றைப் பார்த்தாள். அவையும் தூறலில் நனைந்திருந்தன. ஆனால் அவற்றின் பொட்டுகள் மஞ்சளாகவே இருந்தன.

“மேல இருக்கிறதெல்லாம் மஞ்சளாத்தான் இருக்கு,” என்றாள் மெதுவாக. “தரையைத் தொட்டது மட்டும்...”

“தரைக்கு என்ன?” என்றாள் குமுதினி.

“ஆலம்!” கண்மணி துள்ளி எழுந்தாள். “மிஸ், இது ஆலம்! ஆரத்தித் தண்ணி! மஞ்சத் தண்ணியில எதைப் போட்டா செவக்கும்?”

“சுண்ணாம்பு,” என்றாள் குமுதினி. அடுத்த நொடி, “சுண்ணாம்பு எங்க இருந்து வந்தது?” என்றாள்.

கண்மணி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து, “நான்தான்,” என்று வந்தது.

“எவ்வளவு?”

“நாத்தத்துக்குத் தெளிச்சேன். நாத்தம் போகலை, இன்னும் தெளிச்சேன். மூட்டை முடிஞ்சிருச்சு.”

குமுதினி முதலில் தலையில் கைவைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்காமல் தளத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். “அக்கா! மிச்சப் பசையில இருந்து அந்த நெடியை இன்னும் கிளப்பி விட்டதே உங்கட சுண்ணாம்புதான்! நீங்க போடப்போட அது கூடும்! புதுப் பசை இறுக வேணுமெண்டா புளிப்பு வேணும். நீங்க புளிப்பை எல்லாம் சுண்ணாம்பு போட்டு அடிச்சுட்டீங்க!”

“நீங்க புளிப்புக்குச் சோதனைத் தாள் வச்சுப் பார்ப்பீங்களே, அப்பத் தெரியலையா?”

சிரிப்பு நின்றது. “அலசின தண்ணியிலதான் பாத்தனான். காய்ஞ்ச பிறகு பாக்கேல்லை.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: “அதை ஒருக்காப் பாத்திருந்தா உங்கட ஆவியைக் குத்தம் சொல்லியிருக்க மாட்டன்.”

“அப்போ ஆவி சரிதானே?”

“ஆவி சரி. தரைதான் பிழை.”

“தரையும் நான்தான்,” என்றாள் கண்மணி. அவளுக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து முகம் என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடியது. தன் தப்பு இது என்று தெரிந்த அந்த நிமிடத்தில் அவளைப்போல மகிழ்ந்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். காரணம் தெரியாத தோல்விக்கு மருந்து கிடையாது. இதற்கு இருந்தது.

“அப்போ சாமி குத்தம் இல்லையா?” என்றான் வாசு.

“சாமி குத்தமா? சாமி வந்து காட்டிக் குடுத்திருக்கு. போய்த் தார்ப்பாய் எடுத்துட்டு வா!”

அன்று ஆலை பழையபடி இரைந்தது. சாமிமேடைகளின் கண்ணாடியையும் ஆணியையும் கீலையும் கழற்றினார்கள். மினுக்கான மேல்தாளை உரித்தார்கள். கண்மணி ஒவ்வொரு கதவையும் உடைப்பதற்கு முன்னால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாலைந்துக்குப் பிறகு மொத்தமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேகத்தைக் கூட்டினாள். பாய்லருக்குச் செம்பனைக் கொட்டை ஓடுகளை அள்ளிப் போட்டாள். ஆவி ஏறியது. வால்வைத் திறந்தபோது எழுந்த இரைச்சலில் கம்பத்து நாய்கள் குரைத்தன. இரண்டாவது தடவை திறந்தாள். மூன்றாவது தடவை ஏற்றி நிறுத்திவிட்டு, கலத்தின் இரும்பில் காதை வைக்காத குறையாக நின்று கேட்டாள். உள்ளே தண்ணீர் சொட்டும் சத்தம் மாறியபோது, “வெந்துருச்சு,” என்றாள். குமுதினி கடிகாரத்தைப் பார்த்தாள். தலையாட்டினாள்.

இந்தத் தடவை துகள் தார்ப்பாயின் மேல் காய்ந்தது. குமுதினி காலையும் மாலையும் சோதனைத் தாளை வைத்துப் பார்த்தாள். கண்மணியை விளக்குமாறோடு தளத்தின் பக்கமே விடவில்லை. நெடி இருந்தது, ஆனால் தாங்கக்கூடிய அளவில்தான்.

மாதக் கடைசிக்கு முன்தினம் மூன்று பேரும் புக்கிட் பெருந்துங்கில் நின்றார்கள். மகாதேவா நேரில் வரவில்லை. “முடிவைப் போனில் சொல்லுங்கள், நாளைக்கு வெட்டுகிறவர்களுக்கு நான் பதில் சொல்லவேண்டும்,” என்று செய்தி அனுப்பியிருந்தார்.

அச்சு திறந்தது. ஹஃபிஸ் பலகையை எடுத்து ஆறவைத்தார். மூலையில் பெருவிரலை வைத்து அழுத்தினார். உடையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து வளைத்தார். உடையவில்லை. கண்மணி, “பலமா அழுத்துங்க, என்சிக்! வெக்கப்படாதீங்க!” என்றாள். அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

பிறகு பலகையைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் கீழும் இரும்புக் கட்டையை ஒட்டி, இழுக்கிற இயந்திரத்தில் மாட்டினார். இயந்திரம் மெல்ல மேலும் கீழுமாக இழுத்தது. திரையில் எண்கள் ஏறின. போன தடவைத் துகளுக்கு இந்த இயந்திரம் வரையில் வரும் யோக்கியதையே இருக்கவில்லை. எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. வாசு உதட்டுக்குள் ஏதோ ஒரு சாமியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். எந்தச் சாமி என்று காதில் விழவில்லை. ‘டக்’ என்று ஒரு சத்தம். சதுரம் இரண்டாகப் பிரிந்தது.

ஹஃபிஸ் எண்ணைப் பார்க்கவில்லை. பிரிந்த முகத்தைத்தான் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குமுதினியிடம் நீட்டினார். “பசை விடவில்லை. மரமே கிழிந்திருக்கிறது.”

“அப்படின்னா?” என்றாள் கண்மணி.

“மரம் தோக்கும்வரைக்கும் பசை பிடிச்சிருக்கு அக்கா!” குமுதினி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “நல்லாப் பிடிச்சிருக்கு!”

இன்னொரு சதுரத்தை இழுத்தார். இன்னொன்றையும் இழுத்தார். ஒன்று கொஞ்சம் முன்னதாகப் பிரிந்தது, மற்றது கொஞ்சம் தாமதித்தது. ஹஃபிஸ் கணக்குப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “புது மரத்தின் அளவுக்கு இல்லை. ஆனால் எங்கள் அளவுகோலைத் தாண்டிவிட்டது. பலகையின் நடு அடுக்கில் கலக்கலாம். முதலில் பத்து விழுக்காடு எடுத்துக்கொள்கிறேன். வாராவாரம் கொண்டுவாருங்கள்.”

குமுதினி கைகூப்பாத குறையாக நன்றி சொன்னாள். வாசு தொழிற்சாலைச் சுவரில் சாய்ந்து, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். கண்மணி நன்றி சொல்லவில்லை. புருவத்தை நெரித்துக்கொண்டு கேட்டாள்:

“பத்துன்னா, மீதித் தொண்ணூறு யாருக்கு என்சிக்?”

ஹஃபிஸ் குமுதினியைப் பார்த்தார். குமுதினி கூரையைப் பார்த்தாள்.

“மழைக்காலம் முடியட்டும். துகள் ஒரே தரத்தில் வந்தால் இருபதைப் பற்றிப் பேசலாம்,” என்றார் அவர்.

“வரும்,” என்றாள் கண்மணி. “ஒரே தரத்துல வரும். எழுதி வச்சுக்குங்க.”

வாசலுக்கு வந்ததும் மகாதேவாவுக்குப் போன் போட்டவள் குமுதினி. பேசியவள் கண்மணி. போனை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “ஐயா, நான் கண்மணி. வெட்டறவங்களை வர வேணாம்னு சொல்லிடுங்க. வாடகை எவ்ளோன்னு மிஸ்கிட்ட பேசிக்குங்க. பாய்லருக்குச் சுத்தமான தண்ணிக் குழாய் ஒண்ணு புதுசா வேணும், அதையும் சேத்துப் பேசுங்க,” என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மறுமுனையில் மகாதேவா என்ன சொன்னார் என்று கேட்க அவள் நிற்கவில்லை. லோரியின் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.

“எங்க போற? காப்பி குடிச்சிட்டுப் போலாம்,” என்று வாசு பின்னாலேயே ஓடினான்.

“காப்பியா? வாராவாரம் கொண்டாரணும்னாரு, கேக்கலை? நம்மகிட்ட இப்ப ஒரு துண்டுப் பலகை கிடையாது. வண்டியை எடு. இங்கேயே எத்தனை மரச்சாமான் தொழிற்சாலை இருக்கு! ஒவ்வொண்ணாப் போய்க் கழிவுப்பலகை கேட்டுட்டுப் போவோம்.”

“இப்பவா?”

“இப்பத்தான்.”

அவன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். பக்கத்துத் தொழிற்சாலையின் பின்புறத்தில், உடைந்த பலகைகளைக் குவித்த பெரிய இரும்புத்தொட்டி ஒன்று தெரிந்தது. கண்மணி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, காவலாளியைப் பார்த்து, “அண்ணே, அந்தக் குப்பையை யாருக்குக் குடுக்கிறீங்க?” என்று கத்தினாள்.